ஒன்பதாம் மாடிக்கு ஒரு மனு

1

ஒரு மனுவிலிருந்து வெட்டி எறியப்பட்ட வரிகளைப் பொறுக்கிச் சேர்த்ததுதான் இந்தக் கதை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து ஏமாந்துவிட்டேன் என்று புலம்பக்கூடாது.

மனு அக்கா கேட்டது. அக்கா வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாத வேலையாக வெளிநாடு போனவரை அங்கே பிடித்து வைத்துக்கொண்டார்கள். தகவல் வந்த மறுநாள் காலை அக்கா என் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தாள்.

"நீதான் பெரிய எழுத்தாளராச்சே. உக்காரு. வெளியுறவுத் துறைக்கு ஒரு மனு எழுது. படிக்கறவங்க கண்ணுல தண்ணி வரணும்."

பெரிய எழுத்தாளர் என்றது நக்கல். பிழைப்புக்கு நான் எழுதுவது வாஷிங் மெஷின், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி இவற்றோடு அட்டைப்பெட்டிக்குள் வரும் குட்டிப் புத்தகங்கள். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்பது என் வரி. லட்சக்கணக்கான வீடுகளில் அது இருக்கிறது, படித்தவர் ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை. மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். அதை அக்கா படிக்கிறாள்.

பதினோரு பக்கம் எழுதினேன். எடுத்துக்கொண்டு இருவரும் வெளியுறவுத் துறைக்குப் போனோம். இரண்டாம் மாடி, நீளமான வராந்தா, கடைசி அறை. கைதான குடிமக்கள் விவகாரத்தைப் பார்க்கும் அதிகாரி, ஐம்பது வயதுப் பெண்மணி, பதினோரு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார். படித்துக்கொண்டே பென்சிலால் அடித்தார். கடைசியில் ஒன்றேகால் பக்கம் மிஞ்சியது.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இதுல கதை ஜாஸ்தி. கதைய வேற எங்கயாவது வெச்சுக்குங்க" என்றார்.

வைத்துக்கொண்டேன். அதுதான் உங்கள் கையில் இருக்கிறது.

2

தொடக்கம் மட்டும் மூன்று தடவை எழுதியாகிவிட்டது.

முதல் தொடக்கம்: "அந்தக் கருங்கல் கட்டடத்தின் உச்சியில், விதி தன் இரும்புக் கதவை மெல்லத் திறந்து" (வேண்டாம். அத்தான் படித்தால், "விதிக்கு என்ன கதவு, கிரில்லா ஆட்டோமேட்டிக்கா?" என்று கேட்பார்.)

இரண்டாவது: "மேற்படி நபர் மேற்படி தேதியில் மேற்படி கட்டடத்தின் மேல்தளத்தில் மேற்படி" (இது மனு. போதும்.)

மூன்றாவதில் அலங்காரத்தை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்கிறேன். அது ஒரு அரசாங்கக் கட்டடம், ஒன்பது மாடி. லிஃப்டை இயக்கும் மோட்டாரும் வயர்களும் மொட்டைமாடியில் ஒரு சின்ன அறைக்குள் இருக்கின்றன. அங்கே கருகிப்போன கன்ட்ரோல் பலகையைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். பலகையில் நூற்று நாற்பது வயர் வந்து சேர்கிறது. வயருக்கு எண் போட்டு மாட்டிய வளையங்கள் சூட்டில் உதிர்ந்து தரையில் கிடந்தன. எது எங்கே போகும் என்பதற்கு நிறத்தையும் இடத்தையும் விட்டால் வேறு அடையாளம் இல்லை.

அதனால் அத்தான், எப்போதும் செய்வதைச் செய்தார். கழற்றும் முன் ஒவ்வொரு வரிசையையும் போனில் படம் எடுத்தார். நாற்பத்தாறு படம். பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உட்கார்ந்து படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். காவலாளி வந்து, என்ன செய்கிறாய் என்று சைகையில் கேட்டார். அத்தானுக்குத் தன் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் போதும், உச்சி குளிர்ந்துவிடும். நாற்பத்தாறு படத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார்.

ஒன்பதாம் மாடியில் இருந்தது அந்த நாட்டின் பாதுகாப்புத் துறை. உளவு பார்க்கிறார் என்று கைது செய்து கொண்டுபோக வண்டிகூடத் தேவைப்படவில்லை, ஒரு மாடி இறங்கினால் போதுமாக இருந்தது.

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். மேசை நிறையக் கோப்பு, சிரிக்காத முகம், கையில் பென்சில்: அந்த அதிகாரியையே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை. போகும்போதெல்லாம் உட்காரச் சொன்னார். மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குத்தான் திறந்தார், அதையும் பாதியில் மூடி வைத்துவிட்டு எங்கள் கடிதத்தைத் திருத்தினார். இவரை வைத்துக்கொண்டு என்ன வில்லத்தனம் பண்ணுவது?

அவரும் என்னைப் போல வார்த்தையால் பிழைக்கிறவர். ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு எழுதும் கடிதத்தில் வார்த்தைகளுக்கு வரிசை உண்டாம். முதலில் 'அறிய விரும்புகிறோம்'. அதற்கு மேல் 'கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்'. அடுத்து 'கவலை கொள்கிறோம்'. அதற்கும் மேலே 'ஆழ்ந்த கவலை'.

"நேரா 'ஆழ்ந்த'லயே ஆரம்பிங்க மேடம்" என்றாள் அக்கா.

"அத இப்பவே செலவு பண்ணிட்டா அப்புறம் கையில என்ன இருக்கும்?"

"'விட்டுடுங்க'ன்னு ஒரு வார்த்தை எழுத இவ்வளவு யோசனையா?"

அக்கா வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனை நிலையத்தில். ஒரு நாளைக்கு எழுபது கையில் ஊசி குத்துகிறவள். அதிகாரிக்கு அது தெரியும். "நரம்பு தட்டுப்படறதுக்கு முன்னாடி நீங்க குத்துவீங்களா?" என்று கேட்டார்.

அக்கா வாயை மூடிக்கொண்டாள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், இப்படி நடந்ததில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "விஷயம் தெரிஞ்சவங்கடி" என்றாள்.

(அத்தானைப் பற்றியும் ஒரு சந்தேகம். கதாநாயகன் என்றால் அவர் மனதுக்குள் நுழைய வேண்டாமா? வாரத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் பேச விட்டார்கள். "நல்லா இருக்கேன், நீங்க சாப்டீங்களா, ஹால் ஃபேன் இன்னும் சத்தம் போடுதா?" இவ்வளவுதான். எந்த எழுத்தாளராலும் இந்த மனிதருக்குள் நுழைய முடியாது. நுழைந்தாலும் உள்ளே ஃபேன்தான் இருக்கும்.)

4

நாலாவது வாரம் அங்கிருந்து பதில் வந்தது. அதிகாரி எங்களுக்காக மெதுவாகப் படித்துச் சொன்னார். கட்டடத்துக்குள் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு விதிமுறைப் புத்தகம் தரப்பட்டிருக்கிறது. இருபத்திரண்டாம் பக்கத்தில் படம் எடுக்கக்கூடாது என்று இருக்கிறது. கடிதத்தோடு இணைத்து வந்த குடும்பத்தாரின் மனுவிலேயே 'இவர் விதிகளைக் கரைத்துக் குடித்தவர்' என்று எழுதியிருக்கிறது. ஆக, தெரிந்தே செய்திருக்கிறார்.

அந்த வரி எப்படியோ மனுவில்

அந்த வரியை யார் எழுதினார்கள் என்று

அந்த வரியை நான்தான் எழுதினேன். (மேலே இருப்பவற்றை அடிக்க மனம் வரவில்லை. எத்தனை தடவை நழுவப் பார்த்தேன் என்பது உங்களுக்கும் தெரியட்டும்.)

இன்னும் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் அத்தான் அந்த விதிமுறைப் புத்தகத்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். முப்பது பக்கம், யாரோ அவசரமாகத் தமிழாக்கியது. "உனக்குத்தான் இது பழக்கம். படிச்சு முக்கியமானத மட்டும் சொல்லு" என்றார். நான் எட்டுப் பக்கம் புரட்டினேன். தலைக்கவசம், ஈரக் கை, அவசர வழி. எல்லாம் நான் நூறு தடவை எழுதியது. "வழக்கமானதுதான் அத்தான்" என்று மூடிக் கொடுத்துவிட்டேன். என் புத்தகத்தை யாரும் படிப்பதில்லை என்று பத்து வருடமாகக் குறைபட்டுக்கொண்டிருக்கிறவள் நான்.

பிறகு மனு எழுதும்போது அது உறுத்தியது. உறுத்தலை மறைக்கத்தான், அவர் விதிகளைக் கரைத்துக் குடித்தார் என்று போட்டேன். பதினோரு பக்கத்தில் அதிகாரி வெட்டியதெல்லாம் உண்மை. பிழைத்த ஒன்றேகால் பக்கத்தில்தான் என் ஒரே பொய் இருந்தது. அது அவரை இன்னும் மூன்று வாரம் உள்ளே வைத்தது.

அந்த அறையிலேயே, அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, சொல்லிவிட்டேன். 

அதிகாரி பென்சிலைக் கீழே வைத்தார். "முன்னாடியே சொல்லியிருக்கணும். சரி, இப்பவாவது சொன்னீங்க. அவருக்கு அந்த விதி தெரியாதுன்னு இப்ப ஒரு சாட்சி இருக்கு. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. உவமை கிவமை வேண்டாம்."

அக்கா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் வாசலில் நின்று, "அவரு என்ன பாப்பாவா? முப்பது பக்கம் அவருக்குப் படிக்கத் தெரியாதா?" என்றாள். இரண்டு அடி போய்விட்டுத் திரும்பி வந்தாள். "ஆனா நீயும் படிச்சிருக்கலாம்டி" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதற்கு அழுதுவிட்டேன்.

5

இந்தப் பகுதியை உற்சாகமாக எழுத வேண்டும். ஏனென்றால் இதில்தான் அக்கா வருகிறாள், அதாவது ஒழுங்காக வருகிறாள்.

அங்கே நம் தூதரகத்தில் ஒரு அதிகாரி இருந்தார். ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி, கனத்த உடம்பு. நாங்கள் அவரைத் தூதரகத்து சார் என்போம். வாரம் இரண்டு தடவை விசாரணை அதிகாரியைப் போய்ப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் பண்ணுவார். ஒவ்வொரு தடவையும் பாதி வாக்கியத்தில் நின்று மூச்சு வாங்குவார். கெட்ட சேதியைச் சொல்லத் தயங்குகிறார் என்று நாங்கள் பயப்படுவோம்.

ஒரு சாயங்காலம் அக்கா பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "சார், எதையாவது மறைக்கறீங்களா? ஏன் இப்பிடி மூச்சு வாங்குது?"

"அய்யோ, அதெல்லாம் இல்லம்மா. ஒம்போது மாடி ஏறி எறங்கியிருக்கேன். லிஃப்ட் ஓடல."

"எந்த லிஃப்ட்?"

"உங்க வீட்டுக்காரர் பிரிச்சுப் போட்ட லிஃப்ட்தான். அந்தக் கட்டடத்துல அத்தன பேரும் அவர் மேல கொலவெறியில இருக்காங்க. விசாரணை அதிகாரிக்கு முழங்கால் வலி வேற."

"வேற ஆள வெச்சு மாட்டலயா?"

"மூணு பேர் வந்து பாத்துட்டுப் போய்ட்டாங்க. நூத்தி நாப்பது வயர் தொங்குது, எது எங்க போகும்னு யாருக்கும் தெரியலயாம்."

"அதான் போட்டோல இருக்கே!" என்றாள் அக்கா.

போனில் மூச்சு வாங்கும் சத்தம்கூட நின்றுவிட்டது.

"போட்டோவ சாட்சின்னு சீல் வெச்சுப் பூட்டி வெச்சிருக்காங்க" என்றார் அவர் கடைசியில், ஒவ்வொரு வார்த்தையாக. "அம்மா, நான் அப்புறம் பேசறேன்."

மறுநாள் காலை வெளியுறவுத் துறை அதிகாரி தானாகவே என்னைக் கூப்பிட்டார். "மனுவுல நான் வெட்டினேனே, அந்தப் பக்கங்க இன்னும் இருக்கா?"

இருந்தன. அவர் தேடியது நாலாம் பக்கம். அத்தான் எதைப் பிரித்தாலும் முதலில் படம் எடுப்பார், வீட்டில் மிக்ஸி ரிப்பேர் என்றாலும் அப்படித்தான், கல்யாண ஆல்பத்தைவிட மிக்ஸி ஆல்பம் பெரிது என்று எழுதியிருந்தேன். கண்ணில் தண்ணீர் வரவைக்க எழுதியது, அது ஏன் வரவைக்கும் என்று நினைத்தேனோ தெரியவில்லை. அக்கா பழைய போனைத் தோண்டி அத்தனையும் எடுத்தாள். மிக்ஸி, மூன்று சீலிங் ஃபேன், தண்ணீர் மோட்டார், குழந்தை இல்லாத அந்த வீட்டுக்கு வந்த ஒரே பொம்மையான, பக்கத்து வீட்டுச் சிறுமி ரிப்பேருக்குக் கொண்டுவந்த சாவி ரயில். இருநூற்றுப் பன்னிரண்டு படம். நாள் வாரியாக அடுக்கி, இரண்டு முத்திரை குத்தி, தூதரகம் வழியாக அந்த நாட்டுக்குச் சமர்ப்பித்தார்கள்.

கூடவே ஒரு யோசனையும் போனது. சீல் வைத்த லிஃப்ட் படங்களை அவரிடம் கொடுங்கள். உங்கள் முன்னிலையில் அவர் வயர்களைச் சேர்க்கட்டும். லிஃப்ட் ஓடினால், படம் எதற்கு எடுத்தார் என்பது தெரிந்துவிடும்.

"இதுல எந்த வார்த்தை போட்டீங்க மேடம், 'ஆழ்ந்த'வா?" என்று கேட்டேன்.

"இல்ல. 'இரு தரப்புக்கும் வசதியாக இருக்கும்'னு போட்டேன்" என்றார். அப்போதுதான் முதல் தடவையாக அவர் சிரித்துப் பார்த்தேன்.

6

(இதை நான் கற்பனை செய்திருந்தால், நம்பும்படி இல்லை என்று நானே வெட்டியிருப்பேன்.)

சோதனை நாளில் கட்டட மேலாளர், விசாரணை அதிகாரி, மொழிபெயர்ப்பாளர், தூதரகத்து சார் எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள், படி வழியாகத்தான். அத்தானைக் கூட்டிவந்தார்கள். போனைத் தர விதியில் இடமில்லை என்பதால் நாற்பத்தாறு படத்தையும் காகிதத்தில் அச்சடித்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டு, கோப்பாகக் கொடுத்தார்கள்.

அத்தான் கோப்பைத் திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார். பிறகு மூடிவிட்டு மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். "எல்லாம் கறுப்பு வெள்ளையில இருக்கே சார். செவப்பு எது, பச்ச எதுன்னு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கறது?"

அலுவலகத்தில் கறுப்பு வெள்ளை அச்சு இயந்திரம்தான் இருந்தது. வண்ண அச்சுக்கு வேறு துறையின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு நம் பக்கத்திலிருந்து முறையான கடிதம் வேண்டும். எல்லோரும் திரும்ப இறங்கினார்கள்.

எங்கள் அதிகாரி தன் இருபத்தாறு வருடப் பணியில் எழுதிய மிகக் கனமான கடிதம் அதுதான் என்று பிறகு சொன்னார். இரு நாடுகளின் நீண்டகால நட்புறவில் தொடங்கி, பரஸ்பர மரியாதையைத் தொட்டு, வண்ணப் பிரதி ஒன்று தந்துதவுமாறு கேட்டு முடிகிறது. அதை எனக்கு வாசித்துக் காட்டினார். ஒரு வரியைக்கூட என்னால் வெட்ட முடியவில்லை. பதினோரு நாளில் வண்ணம் வந்தது.

7

கதை இங்கே முடிவுக்காக நிற்கிறது. கையில் இருப்பவற்றைக் கடைபரப்புகிறேன்.

முடிவு அ: விமான நிலையம். கண்ணாடிக் கதவு திறக்கிறது. அக்கா ஓடுகிறாள். (படித்துவிட்டு அக்கா: "நான் எதுக்குடி ஓடப் போறேன்? அவருதான் ஓடி வரணும்.")

முடிவு ஆ: இதை எழுதினேன், கிழித்துவிட்டேன்.  என்ன இருந்தது என்று கேட்காதீர்கள்.

முடிவு இ: லிஃப்ட் அவ்வளவு நன்றாக ஓடுகிறது. ஆகவே அந்த நாட்டில் உள்ள எல்லா அரசாங்க லிஃப்டையும் பார்த்துக்கொள்ள அத்தானை அங்கேயே வைத்துக்கொள்கிறார்கள். (அதிகாரி இதைப் படித்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இது நடக்கக்கூடியதுதான்" என்றார். அதிலிருந்து எனக்கு இந்த முடிவைப் பிடிக்கவில்லை.)

8

அத்தான் பிடிபட்டு இன்று அறுபத்து ஒன்பதாவது நாள். காலையில் வண்ணப் படங்களோடு இரண்டாவது சோதனை நடந்தது. அத்தான் மூன்றரை மணி நேரம் வேலை செய்தார். நடுவில் ஒரு தடவை எழுந்து, விசாரணை அதிகாரியைத் தள்ளி நிற்கச் சொன்னாராம், வெளிச்சத்தை மறைக்கிறார் என்று. தூதரகத்து சார், "நான் கண்ண மூடிக்கிட்டேம்மா" என்றார். அக்கா மட்டும், "சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றாள்.

லிஃப்ட் ஓடியது. அத்தான் முதலில் தனியாக ஏறி இறங்கிப் பார்த்தார், அது அவர் வழக்கம். பிறகு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு தரைத்தளத்திலிருந்து ஒன்பது வரை கொண்டுபோய் விட்டார். கதவு திறந்ததும் அங்கே வேலை செய்கிறவர்கள் கை தட்டினார்களாம். விசாரணை அதிகாரி நம் நேரப்படி நாலு மணிக்குக் கூடி முடிவெடுப்பதாகச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

எங்கள் அதிகாரியிடம் கேட்டேன். "லிஃப்ட் ஓடினது உண்மை. அது வரைக்கும் நான் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மிச்சம் அவங்க கையில" என்றார்.

இப்போது மணி மூன்று நாற்பது. அக்கா லீவு போட்டுவிட்டு வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். போன் அவள் மடியில் இருக்கிறது. நேரம் போகவில்லை என்று, நான் எழுதி முடிக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் வாங்கிப் படிக்கிறாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். நாலாம் பகுதியைப் படித்து முடித்ததும் என் தண்ணீர் டம்ளரை நிரப்பி வைத்தாள்.

நாலு மணிக்கு என்ன ஆகும் என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. நன்றாகவே எழுதுவேன், உங்கள் கண்ணில் தண்ணீரும் வரவைப்பேன். ஆனால் தெரியாததைத் தெரிந்ததாக ஒரு தடவை எழுதி அத்தானை மூன்று வாரம் கூடுதலாக உள்ளே வைத்தவள் நான். இந்தத் தடவை மாட்டேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், கீழே இடம் விட்டிருக்கிறேன்.

எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். பேனாவை எடுக்கும் முன் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அக்கா கையில் இருந்த பக்கத்தைப் படித்து முடித்துவிட்டாள். அடுத்த பக்கத்துக்காகக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.